கீரை சாப்பிடுங்கன்னு சொல்றவங்க ஆயறதுக்கும் உக்காருங்க

போன செமஸ்டர்ல நம்ம காலேஜ்ல ரத்த தான முகாம் நடந்தது ஞாபகம் இருக்கும். எங்க கிளாஸ்ல இருந்து பதினாலு பொண்ணுங்க வரிசையில நின்னாங்க. விரல் நுனியில குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துட்டு, அதுல ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் குறைஞ்சது 12.5 இருக்கணும். ஒன்பது பேருக்கும் அது இல்ல. பசங்க நாங்க கொடுத்துட்டு, ஜூஸ் குடிச்சு, சர்டிஃபிகேட்டோட ஸ்டேட்டஸ் வச்சோம்.

அன்னைக்கு சாயங்காலம் கிளாஸ் குரூப்ல ஒரே அறிவுரை மழை. பேரீச்சம்பழம் சாப்பிடுங்க, பீட்ரூட் சாப்பிடுங்க, கீரை சாப்பிடுங்க. நானும் சும்மா இல்ல. "முருங்கைக்கீரை சாப்பிட்டா போதும். எங்க வீட்டுல வாரத்துல நாலு நாள் கீரைதான், அதுவும் வீட்டுத் தோட்டத்துக் கீரை"ன்னு பெருமையா டைப் பண்ணி, பக்கத்துல ரெண்டு பச்சை இலை வேற போட்டேன். திரும்பி வந்த ஒன்பது பேர்ல ஒருத்தி கேட்டா: "செய்யறது உங்க அம்மா. ஆயறது யாரு?"

"அதுவும் அம்மாதான்"னு போட்டேன். அவ ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினா. அந்தக் கட்டைவிரல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

எங்க வீடு எருமப்பட்டியில. நாமக்கல்லுல இருந்து துறையூர் போற ரோட்டுல வர்ற பேரூராட்சி. வாசல்ல நின்னா கொல்லிமலை தெரியும். வெளியூர்க்காரங்களுக்கு நாமக்கல்னா முட்டை, இல்லைன்னா லாரி. எங்க அப்பாவும் லாரி பாடி கட்டுற பட்டறையிலதான் வேலை. வீட்டுக்குப் பின்னாடி பொடக்காலியில ஒரு துண்டு எடம் இருக்கு. நாலு கட்டில் போடலாம், அவ்வளவுதான். அதுல ஒரு முருங்கை, ஒரு கருவேப்பிலை, துணி துவைக்கிற கல்லு. மீதி எடம் பூரா பாத்தி. சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, வேலியோரமா பொன்னாங்கண்ணி, தானா முளைச்ச சுக்குட்டிக்கீரை. சுக்குட்டின்னா என்னன்னு சென்னைப் பசங்க கேப்பாங்க: மணத்தக்காளிதான், எங்க பக்கத்துல பேரு அப்படி.

இந்தத் தோட்டத்தை வச்சு நான் ஒரு ரீல்ஸ்கூட போட்டிருக்கேன். பின்னணியில நல்ல பாட்டு, க்ளோசப்ல இலை மேல தண்ணித்துளி. அதுல என் கை மட்டும்தான் தெரியும். அந்தக் கை அந்தத் தோட்டத்துல செஞ்ச ஒரே வேலை அந்த ரீல்ஸ்ல நடிச்சதுதான்.

இந்த ஸ்டடி லீவுக்கு ஊருக்குப் போனப்போ, கட்டைவிரல் ஞாபகத்துல, "இன்னைக்கு நான் ஆயறேன்மா"ன்னு சொன்னேன். அம்மா ஒரு மாதிரி பார்த்தாங்க. "பரீட்சைக்குப் படிக்காம என்ன கண்ணு இது?" அப்பாயிதான் முறத்தை என் பக்கம் தள்ளுச்சு.

கீரை ஆயாதவங்களுக்கு அது என்ன வேலைன்னு தெரியாது. முருங்கைக் கொத்தை உருவினா இலையோட ஈர்க்கும் சேர்ந்து வரும். ஈர்க்கு வாயில குத்தும், அதைத் தனியா பொறுக்கணும். பழுத்த இலை, பூச்சி அரிச்ச இலை, எட்டுக்கால் பூச்சிக் கூடு, எல்லாத்தையும் பார்த்துப் பார்த்து எடுக்கணும். நாலு பேருக்கு ஆகுற அளவு முருங்கைக்கீரை ஆய எனக்கு முதல் நாள் ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. ஒரு வாரம் பழகின அப்புறம் நாப்பது நிமிஷம். அரைக்கீரை, சிறுகீரை இருபது நிமிஷத்துல முடியும். முருங்கைக்கு அப்பாயி ஒரு வழி சொல்லுச்சு: கொத்தை ராத்திரியே ஒரு துணியில இறுக்கிச் சுத்தி வச்சுட்டா, காலையில உதறினா இலை பாதிக்கு மேல தானா கொட்டிரும். யூடியூப்ல முருங்கைக்கீரை சூப் பத்தி நாப்பது வீடியோ பார்த்திருக்கேன், இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லல.

சராசரியா ஒரு நாளைக்கு அரை மணி நேரம்னு வைங்க. வாரத்துல நாலு நாள்னா ரெண்டு மணி நேரம். வருஷத்துக்கு 104 மணி நேரம். நமக்கு மூணு கிரெடிட் பேப்பர் ஒண்ணுக்கு 45 பீரியட். ஆக எங்க அம்மா வருஷா வருஷம் ரெண்டு பேப்பருக்கு மேல கீரை ஆயறதுலயே முடிச்சிருக்காங்க. அட்டெண்டன்ஸும் கிடையாது, கிரெடிட்டும் கிடையாது. விதைக்கிறது, தண்ணி விடுறது, அறுக்கிறது, அலசுறது, கடையறது எதையும் இந்தக் கணக்குல நான் சேர்க்கவே இல்ல.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், இதை எழுதலாமான்னு அம்மாகிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். அதே லீவுல அம்மாவுக்கு அடிக்கடி தலைசுத்தல். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12-க்குக் கீழ போனா ரத்தசோகைன்னு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கு. 9.6 மிதமான ரத்தசோகை. வீட்டுக்குப் பின்னாடி கீரைத் தோட்டமே வச்சிருக்கிற, வாரத்துல நாலு நாள் கீரை செய்யற அம்மாவுக்கு.

அப்போதான் எனக்கு ரெண்டு விஷயம் உறைச்சது.

முதல் விஷயம், நான் குரூப்ல போட்ட "கீரை சாப்பிட்டா போதும்" தப்பு. ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில இரும்புச்சத்து 4.5 மில்லிகிராம் பக்கம். தண்டுக்கீரையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய இரும்புச்சத்துன்னு அதே நிறுவனம் 2020-ல சொன்னது 29 மில்லிகிராம். ஆம்பளைக்கு 19. அதாவது 100 கிராம் கீரையை முழுசா சாப்பிட்டாலும் அவங்களுக்குத் தேவையான இரும்புல ஆறுல ஒரு பங்குதான் தட்டுல இருக்கு. அதுலயும் கொஞ்சம்தான் உடம்புல சேரும். செடியில இருக்கிற இரும்பு, கறி மீன்ல இருக்கிற இரும்பு மாதிரி சுலபமா உள்ள போகாது. சாப்பிட்ட உடனே டீ குடிச்சா இன்னும் குறையும், எலுமிச்சை நெல்லிக்காய் சேர்ந்தா கொஞ்சம் கூடும். எங்க அம்மா சாப்பிட்ட கையோட டீ குடிக்கிறவங்க.

அதனால டாக்டர் கொடுத்தது மாத்திரை. அதுதான் சரி. அரசுப் பள்ளியில வாரம் ஒரு நீல மாத்திரை கொடுப்பாங்களே, ஜன்னல் வழியா தூக்கிப் போட்டோமே, அதுல ஒண்ணுல இரும்பு 60 மில்லிகிராம். கூடவே ஃபோலிக் அமிலம். ரத்தம் கம்மின்னு ரிசல்ட் வந்த பொண்ணுங்களுக்கு இந்தக் கட்டுரையில நான் சொல்ற ஒரே மருத்துவ யோசனை, டாக்டரைப் பாருங்க, மாத்திரையை விடாம போடுங்க. கீரை மாத்திரைக்குப் பதில் இல்ல.

ஆனா அந்த ஃபோலிக் அமிலம் இருக்கே, அது கீரைக்குச் சொந்தக்காரன். 1928-ல லூசி வில்ஸ்னு ஒரு ஆங்கிலேய டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தாங்க. பஞ்சாலையில வேலை செஞ்ச கர்ப்பிணிப் பெண்களுக்கு வந்த கடுமையான ரத்தசோகைக்குக் காரணம் தேடினாங்க. கிருமி இல்ல, சாப்பாட்டுல ஏதோ ஒண்ணு இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க. ஈஸ்ட்ல இருந்து எடுத்த மார்மைட்டைக் கொடுத்தா சரியாகுதுன்னு 1931-ல எழுதினாங்க. அந்த ஏதோ ஒண்ணை 1941-ல அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க நாலு டன் பசலை வகைக் கீரையில இருந்து பிரிச்சு எடுத்தாங்க. லத்தீன்ல இலைக்கு ஃபோலியம்னு பேரு, அதுல இருந்து ஃபோலிக் அமிலம். ரத்தசோகை ஆராய்ச்சியில பெரிய திருப்பம் ஒண்ணு நம்ம நாட்டு ஆலைத் தொழிலாளிப் பெண்களால வந்ததுன்னு எனக்கு இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் தெரிஞ்சது.

கீரை ஒரு நாளைக்கு 100 கிராம்னு அதே ஹைதராபாத் நிறுவனம் சொல்றது இரும்புக்காக மட்டும் இல்ல. ஃபோலேட், வைட்டமின் ஏ ஆகுற கரோட்டின், நார்ச்சத்து, எல்லாம் சேர்த்துத்தான். அதனால கீரை வேஸ்ட்னு நான் சொன்னதா யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீங்க.

ரெண்டாவது விஷயம்தான் பெரிசு. அம்மா கீரை செய்யறாங்க, சாப்பிடுறாங்களா? இருபது நாள் சமையலறைப் பக்கம் உக்காந்து பார்த்தேன். முதல்ல அப்பா, டிஃபன் பாக்ஸ்ல. அப்புறம் நான். அப்புறம் அப்பாயி, களியோட. கடைசியில அம்மா. சட்டியில ஒட்டினதை ரெண்டு கைச் சோறு போட்டுத் தொடச்சு, மோர் ஊத்திச் சாப்பிட்டு எந்திரிச்சிருவாங்க. இதை யாரும் சட்டமா போடல. "கீரை போதுமா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ"ன்னு அவங்கதான் எனக்குப் போடுவாங்க, நானும் வாங்கிக்குவேன். இருபது வருஷமா.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்கள்ல 25. தமிழ்நாட்டுப் பெண்கள்ல 53.4. மாதவிலக்கு, பிரசவம்னு உடம்பு சார்ந்த காரணம் இருக்குதான். ஆனா ஒரே அடுப்பு, ஒரே சட்டி உள்ள வீட்டுக்குள்ள இவ்வளவு வித்தியாசத்துக்கு அது மட்டும்தான் காரணம்னு சொன்னா, எங்க வீட்டுச் சட்டியைப் பார்த்த அப்புறம் என்னால நம்ப முடியல.

அப்பாயி காலத்துல கீரைக்குத் தோட்டமே வேண்டாமாம். "காடு பூரா கீரைதான் சாமி"ங்கும். களை எடுக்கப் போற எடத்துல தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை எல்லாம் கெடைக்கும். பொழுதாக எல்லாரும் மடி நெறைய பறிச்சுட்டு வருவாங்க. எல்லாத்தையும் ஒண்ணா போட்டுக் கடைஞ்சா அது கலவைக்கீரை. வெங்காயக் காட்டுல, சோளக் காட்டுல இப்போ களைக்கொல்லி அடிக்கிறாங்க. அடிக்கிறவங்களைத் திட்ட எனக்கு மனசு இல்ல, களை எடுக்க ஆள் கெடைக்கிறதில்ல, கெடைச்சாலும் கூலி கட்டுபடி ஆகல. ஆனா களைன்னு செத்ததுல பாதி அப்பாயி சாப்பிட்ட கீரை. மருந்தடிச்ச காட்டு வரப்புல இப்போ பறிச்சுச் சாப்பிடவும் பயம். அப்பாயிக்குப் பேரு சொல்லத் தெரிஞ்ச கீரை இருபத்திரண்டு, நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அம்மாவுக்குப் பதிமூணு. எனக்கு லீவுக்கு முன்னாடி நாலு, அதுலயும் சிறுகீரைக்கும் அரைக்கீரைக்கும் குழப்பம்.

அந்தக் குறைஞ்சுபோன கீரைக்குக் கடைசியா மிஞ்சி நிக்கிற எடம் பொடக்காலிதான். அதனாலதான் வீட்டுத் தோட்டம் வேணும்னு நான் அழுத்திச் சொல்றேன். 2021-ல தொடங்கின முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்துல விதையெல்லாம் மானிய விலைக்குக் கொடுத்தாங்க. நல்ல விஷயம். விதை வீட்டுக்கு வந்திரும். அதைப் போட்டு, தண்ணி விட்டு, ஆஞ்சு, ஆக்கறது யாருங்கிற கேள்வி அந்தப் பாக்கெட்டுக்குள்ள இல்ல. "வீட்டுக்கொரு தோட்டம்"னு போஸ்டர் ஒட்டுற எல்லாரும், நான் உட்பட, அந்த வேலையைப் பேசாமலே ஒரு பொம்பளை தலையில ஏத்தி வச்சிட்டுப் போயிடறோம்.

சரி, இந்தத் தடவை நானே ஒரு பாத்தி போட்டேன். அதோட கதையையும் சொல்லிடறேன், ஏன்னா முதல் பாத்தி நாசமாப் போச்சு.

நம்ம டிபார்ட்மெண்ட்ல வருஷத்துக்கு நாலு டீமாவது மண் ஈரப்பத சென்சார், அர்டினோ, மோட்டார் ரிலே வச்சு "ஸ்மார்ட் கார்டன்" ப்ராஜெக்ட் பண்றோம். டெமோவுல ஒரு தொட்டி இருக்கும், அதுல ஒரு மணி பிளான்ட். நானும் அந்த டீம்ல இருந்தவன், ஏ கிரேடு. அந்தத் தெம்புல எருமப்பட்டியில மண்ணைக் கொத்தி விதையைத் தூவினேன். கீரை விதை கடுகைவிடப் பொடிசு. கையில எடுத்துத் தூவினா ஒரே எடத்துல கொத்தா விழுந்து, ஒண்ணுமேல ஒண்ணு முளைச்சு, வெளுத்துப்போய் சாஞ்சிருச்சு. வேகமா வளரட்டும்னு பக்கத்துக் கோழிப் பண்ணை எருவைப் பச்சையா அள்ளிப் போட்டேன். நாமக்கல்ல அதுக்கா பஞ்சம்? மிஞ்சினது கருகிப்போச்சு. மக்காத கோழி எரு சூடு, மாசக்கணக்குல மக்க வச்சுத்தான் போடணும்னு அப்பா சொன்னாரு, போட்ட அப்புறம்.

ரெண்டாவது பாத்தி அம்மா சொன்னபடி. விதையோட அதைப்போல நாலு மடங்கு மணல் கலந்து தூவணும், அப்போதான் பரவலா விழும். மேல மக்கின சாணித் தூளை லேசா மூடுற அளவுக்குத் தூவணும். முளைக்கிற வரைக்கும் தண்ணியை ஊத்தக் கூடாது, தெளிக்கணும். நெருக்கமா வந்த நாத்தைப் பத்து நாள்ல பிடுங்கி அதையே ஒரு நேரத்துக்கு ஆக்கிடலாம். சிறுகீரை மூணு வாரத்துல இருந்து நாலு வாரத்துக்குள்ள வேரோட பிடுங்குற பதம். அரைக்கீரையைப் பிடுங்காம கிள்ளி விட்டா, வாரம் பத்து நாளுக்கு ஒருக்கா திரும்பத் திரும்பத் தழையும். ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவங்க ஒரே ஒரு கீரைதான் வைக்க முடியும்னா அரைக்கீரை வைங்க. கோழி வந்து சீய்க்காம இருக்கச் சுத்தி அம்மாவோட பழைய சேலை ரெண்டைக் கட்டினேன். ரெண்டாவது நாளே ஒரு கோழி சேலைக்குக் கீழ நுழைஞ்சுது, கீழே கல்லு வைக்கணும்.

தண்ணிக்கு சென்சார் தேவைப்படல. அரிசி களையற தண்ணி, காய் அலசுற தண்ணி கீரைக்கு. குளிக்கிற தண்ணி, துவைக்கிற தண்ணி முருங்கைக்கும் வாழைக்கும்தான், சோப்புத் தண்ணியைக் கீரை மேல விடக் கூடாதுங்கிறது எங்க வீட்டு வழக்கம். சென்சாரை நான் கிண்டல் பண்ணல. ஆனா எங்க வீட்டுல தண்ணி விடுற வேலை அஞ்சு நிமிஷம், ஆயற வேலை நாப்பது நிமிஷம். நாம ஆட்டோமேட் பண்ண எடுத்துக்கிட்டது எதைன்னு பாருங்க. முருங்கை இலை உருவுறதுக்கு வீட்டு அளவுல ஒரு நல்ல கருவி செஞ்சு காட்டுற டீமுக்கு எங்க தெருவே ஸ்பான்சர் பண்ணும்.

சமையலுக்கு வரேன். எங்க பக்கத்துல கீரைன்னா கடைசல்தான். மண்சட்டியில கொஞ்சமா தண்ணி, சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு நாலு பல்லு, பச்சை மிளகாய், சீரகம், ஒரு தக்காளி. கொதி வந்ததும் அலசின கீரையைப் போடணும். மூடக் கூடாது. "மூடினா கருத்துப் போகும்"னு அம்மா சொன்னப்போ ஏதோ நம்பிக்கைன்னு நெனச்சேன். ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில பதில் இருக்கு. இலைப் பச்சையத்தோட நடுவுல ஒரு மக்னீசியம் உக்காந்திருக்கு. வேகும்போது இலையில இருந்து வர்ற அமிலம் அந்த மக்னீசியத்தைத் தள்ளிட்டு ஹைட்ரஜனை உக்கார வைக்கும், பச்சை பாசி நிறமாயிரும். திறந்து வச்சா அந்த அமிலத்துல கொஞ்சம் ஆவியோட போயிரும், சீக்கிரமா இறக்கினா பச்சை நிக்கும். கிட்டத்தட்ட அதே மாதிரி வளையத்துக்கு நடுவுல மக்னீசியத்துக்குப் பதிலா இரும்பு உக்காந்தா அது நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீம். எனக்கு இதுல ஒரு சந்தோஷம். சோடா உப்பு போட்டா பச்சை நிக்கும்தான், வைட்டமின் போயிரும், போடாதீங்க.

அஞ்சாறு நிமிஷம் வெந்ததும் தண்ணியை வடிச்சுத் தனியா வச்சுக்கணும், கொட்டக் கூடாது. ஃபோலேட் தண்ணியில கரையற சாமான். வடிச்ச தண்ணியில கொஞ்சம் புளியும் மிளகும் சேர்த்தா அதுவே ரசம். சட்டியில உப்புப் போட்டு மத்தால கடையணும். மிக்சியில அடிச்சா கூழாயிரும், கடைசல்ல இலை இலையா நாக்குல தெரியணும். கடுகு, வரமிளகாய் தாளிச்சுக் கொட்டினா முடிஞ்சது. களிக்கு இதைவிடப் பொருத்தம் இல்ல. முருங்கைக்கீரையா இருந்தா எங்க ஊர் வழக்கப்படி ரெண்டு முட்டை உடைச்சு ஊத்திப் பொரியல். கரோட்டின் உடம்புல சேரக் கொழுப்பு வேணும், முட்டையும் எண்ணெயும் அதைப் பார்த்துக்கும். சிறுநீரகக் கல்லு இருக்கிறவங்க மட்டும் எந்தக் கீரை ஆகும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, சில கீரையில ஆக்சலேட் ஜாஸ்தி.

நான் பிடுங்கி, நான் ஆஞ்ச சிறுகீரையை அன்னைக்கு அம்மாவுக்கு முதல்ல போட்டேன். "எல்லாரும் சாப்பிடட்டும் கண்ணு"ன்னாங்க. "ஆஞ்சது நான், யாருக்கு முதல்லன்னு நான்தான் சொல்லுவேன்"னேன். அப்பாயி சிரிச்சுது. அப்பா எதுவும் சொல்லல. ஆனா மூணு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை பட்டறை லீவு. பேப்பர் படிச்சிட்டு இருந்தவரு, அம்மா முறத்தோட வந்து உக்காந்ததும், பேப்பரை மடிச்சுக் கீழ விரிச்சு முறத்துல பாதியை அதுல கொட்டிக்கிட்டாரு. ஈர்க்கோடதான் ஆஞ்சாரு. அம்மா அதைத் திரும்பப் பொறுக்கினாங்க. பரவால்ல, நானும் முதல் நாள் அப்படித்தான்.

இதுல எனக்கு எதிரா ஒரு வாதம் வரும்னு தெரியும்: "ஆஞ்ச கீரையே பாக்கெட்ல வருது, வாங்கிட்டுப் போயேன்." வருது. நகரத்துல வருது, எங்க தெருவுக்கு வரல. வந்தாலும் அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னாடி யாரோ உக்காந்து ஆஞ்சிருக்காங்க. காசு கொடுத்து அந்த வேலையை வாங்குறதுல தப்பு இல்ல, வேலைன்னு ஒத்துக்கிட்ட மாதிரியாவது ஆச்சு. வீட்டுல அதுவும் இல்லையே.

இன்னொரு வாதம், "எங்க வீட்டுல அம்மாவுக்கே சமையலறையில நாங்க வர்றது பிடிக்காது." எங்க அம்மாவுக்கும் பிடிக்கல. நாலு நாள்ல பழகிட்டாங்க.

கடைசியா நம்ம ஹாஸ்டல். மெஸ்ல கீரை மாசத்துக்கு ஒருக்கா வந்தா அதிகம். கமிட்டியில நான் கேட்டப்போ, மெஸ் அண்ணன் சொன்னது கீரை விலை ஜாஸ்தின்னு இல்ல. "வாங்கிரலாம் தம்பி, ஆய ஆளு எங்க?"ன்னாரு. அவர் சொல்றது நியாயம். அங்க சமையலறையில இருக்கிறவங்க எத்தனை பேருன்னு நமக்கே தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முந்நூறு பேர், ஆளுக்கு 50 கிராம், 15 கிலோ அரைக்கீரை. எங்க வீட்டு வேகத்துல 400 கிராமுக்கு 20 நிமிஷம்னா மொத்தம் பன்னண்டரை மணி நேர வேலை. ஒருத்தருக்குக் கொடுத்தா கொடுமை. இருபது பேர் உக்காந்தா நாப்பது நிமிஷம், ஒரு பீரியடுக்கும் கம்மி. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, புதன்கிழமை காலையில ஆறே கால்ல இருந்து ஏழு மணி வரைக்கும், மெஸ் பின் வராண்டாவுல. கீரை வாங்கித் தரவும் சமைக்கவும் மெஸ் அண்ணன் ஒத்துக்கிட்டாரு. ஆஞ்சு கொடுக்கிறது நம்ம பொறுப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

முதல் புதனுக்கு இதுவரை பேர் கொடுத்தது பதினொரு பேர். அதுல பசங்க நாலு. ரத்தம் கொடுத்துட்டு ஸ்டேட்டஸ் வச்ச பசங்க லிஸ்ட் என்கிட்ட இருக்கு, ஒவ்வொரு ரூமா வந்து கேக்கப் போறேன்.